நவம்பர் 1: அல்ஜியர்ஸில் ஒரு புதுச்சேரிக்காரி

அக்டோபர் 29, 2024, செவ்வாய். அல்ஜியர்ஸ்

விமான நிலையத்தில் முத்திரை குத்திய இளைஞர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் ஒரு பழைய இந்திப் பாட்டின் முதல் வரியை முணுமுணுத்தார். டாக்ஸிக்காரர் அதையே உரக்கப் பாடினார். தங்கியிருக்கும் வீட்டுக்குக் கீழே மளிகைக்கடை வைத்திருப்பவரும் அதே வரி. எழுபதுகளில் வந்த அந்தப் படம் இங்கே சக்கைப்போடு போட்டதாம். இன்றைக்கும் இந்திய முகத்தைப் பார்த்தால் பாட்டுதான். எனக்கு இந்தி வராது, பிரெஞ்சு வரும் என்றேன். மளிகைக்காரர் சந்தேகமாகப் பார்த்தார். "மதாம், உண்மையில் நீங்கள் எந்த ஊர்?"

புதுச்சேரி என்றால் பாரிஸில் புரியும், இங்கே புரியவில்லை. "எங்கள் ஊரும் பிரான்சிடம்தான் இருந்தது" என்று சொல்லிப் பார்த்தேன். எத்தனை வருஷம் என்று கேட்டார். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் நடுவில் பிடுங்கிக்கொண்ட காலத்தையும் சேர்த்தால் இருநூற்றெண்பது என்றேன். "எங்களுக்கு 132தான்" என்று சிரித்தார். 1830 முதல் 1962 வரை. இந்த ஊரில் யாரை எழுப்பிக் கேட்டாலும் இந்த எண் வரும்.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் ஒரு தேதி. 1954 நவம்பர் 1 அன்று எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. அதே நாளில்தான் அல்ஜீரியாவில் பல இடங்களில் ஒரே சமயத்தில் குண்டு வெடித்து விடுதலைப் போர் தொடங்கியது. எங்களுக்குக் கீழூர்க் கொட்டகையில் 178 பேர் வாக்களித்து 170-க்கு 8 என்று ஒரே நாளில் முடிந்த விவகாரம், இவர்களுக்கு ஏழரை வருஷப் போர். அதிலும் ஒரு வேடிக்கை. எங்களைக் கொடுத்துவிடும் ஒப்பந்தத்தில் 1956-இலேயே கையெழுத்தாகிவிட்டது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது 1962 ஜூலையில், அல்ஜீரியா கையை விட்டுப் போன பிறகு. இங்கே சண்டை முடியும்வரை அங்கே நாங்கள் சட்டப்படி பிரெஞ்சு மண்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. என் பெரியப்பா சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். இந்தோசீனாவில் இருந்துவிட்டு 1956-ல் அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டார். ஊர் கைமாறிய பிறகும் பிரெஞ்சுச் சீருடையில். இந்தோசீனாவைப் பற்றி நிறையப் பேசுவார். அல்ஜீரியாவைக் கேட்டால், "அங்க செம குளிருடி" என்பார், அவ்வளவுதான்.

மாலையில் போர் சயீத் சதுக்கம் வரை நடந்தேன். நோட்டுக்கட்டுகளைக் கையில் விசிறிக்கொண்டு வரிசையாக ஆட்கள் நிற்கிறார்கள். வங்கியில் ஒரு யூரோவுக்கு 145 தினார் போல, இங்கே 250-ஐத் தொட்டு. கூப்பிடு தூரத்தில் நீதிமன்றம். அந்தத் தெருவின் பெயர் அபான் ரம்தான். அந்த ஆளைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

ராத்திரிக்குக் கரன்டிகா: கொண்டைக்கடலை மாவைக் கரைத்துத் தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டு, சூடாக வெட்டி ரொட்டிக்குள் திணித்து, மேலே சீரகமும் காரச் சாந்தும். கையில் வாங்கி நின்றபடி தின்ன வேண்டும். விலை நம்மூர் டீ, வடைக்குக்கூட ஆகாது. கூடவே ஹமூத் புவாலம் சோடா. 1878-லிருந்து ஓடும் கம்பெனி. பிரான்ஸ் போய்விட்டது, சோடா நிற்கிறது.

அக்டோபர் 30, புதன். கஸ்பா

அல்ஜியர்ஸின் பழைய நகரமான கஸ்பா முழுக்கப் படிக்கட்டு. என் வலது முட்டி ஏறும்போது பேசாமல் இருந்துவிட்டு இறங்கும்போது பேச ஆரம்பித்தது. குப்பை அள்ளக் கழுதைதான் வருகிறது, வண்டி நுழையாது. ஒவ்வொரு கழுதைக்கும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டும். வீடுகளுக்குக் கட்டைகளால் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 1992-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம். சில மாடிகள் அதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டன, சில பின்பு.

வழிகாட்டி என்று யாரையும் பிடிக்கவில்லை. பித்தளைத் தட்டு அடிக்கும் கடைக்காரர் ஒருவர் கடையைப் பேரனிடம் விட்டுவிட்டு, "வாங்க" என்று முன்னே நடந்தார். காசு பேச்சே எடுக்கவில்லை. அப்தெராம் தெருவில் ஒரு வீட்டின் முன் நிறுத்தினார். 1957 அக்டோபர் 8 அன்று, போரை நடத்திய விடுதலை முன்னணியின் போராளிகளான அலி லா பொவாந்த், ஹசீபா பென் புவாலி, மஹ்மூத் புஹமிதி, இவர்களோடு சின்ன ஓமர் என்ற சிறுவன் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்கள். பிரெஞ்சுப் பாராசூட் படை சரணடையச் சொன்னது. வரவில்லை. வெடிவைத்தார்கள். அக்கம்பக்கத்து வீடுகளும் சேர்ந்து சரிந்தன. "இந்த நாலு பேரும் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டில் செத்தவர்களுக்கு யார் பலகை வைத்தார்கள்?" என்றார் அவர். பிரான்சின் மேல் கோபமா, தம் அரசின் மேலா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அந்த வருஷம் ஜனவரி 28-ல் எட்டு நாள் வேலைநிறுத்தம். ஐ.நா.வில் அல்ஜீரியப் பிரச்சினை பேசப்படும் நேரம் பார்த்து விடுதலை முன்னணி கூப்பிட்டது. ஜெனரல் மாசுவின் படை பூட்டிய கடைகளின் ஷட்டரைப் பிடுங்கித் திறந்தது. பிறகு சித்திரவதைக்கூடங்கள். மின்சாரம், தண்ணீர்த் தொட்டி. ராணுவ ரீதியில் அந்தச் சண்டையில் பிரான்ஸ் ஜெயித்தது. அப்படி ஜெயித்த விதம் பாரிஸ் பத்திரிகைகளில் வர வர, ஆட்சி செய்யும் தார்மீகம் கரைந்தது.

பெரியவர் என்னை எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். பெரியப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த வீட்டு வாசலில் அது வாயில் வரவில்லை.

அக்டோபர் 31, வியாழன். ப்லீதா

இன்று தீபாவளி. எண்ணெய் கிடையாது, பட்டாசு கிடையாது. ஷவரில் வெந்நீர் வரவும் இல்லை. காலை ரயிலில் ப்லீதா. ஒரு மணி நேரப் பயணம், பாதி வழியில் ஆரஞ்சுத் தோட்டங்கள். பக்கத்து இருக்கைப் பெண் இரண்டு கிளெமென்டைன் உரித்து ஒன்றை என் மடியில் வைத்தாள், கேட்கவே இல்லை.

ப்லீதாவில் ஃபிரான்ட்ஸ் ஃபனான் வேலை பார்த்த மனநல மருத்துவமனை இருக்கிறது. இப்போது அவர் பெயரே அதற்கு. வாசல் காவலாளி அனுமதிக் கடிதம் கேட்டார். என்னிடம் இல்லை. உள்ளே விட முடியாது என்று மிகுந்த மரியாதையோடு சொல்லிவிட்டு, தன் பிளாஸ்டிக் நாற்காலியை எனக்குத் தந்து காப்பி வரவழைத்தார். கம்பிகளுக்கு அப்பால் மரங்களும் தாழ்ந்த கட்டடங்களும் தெரிந்தன. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு கொண்டுபோனார்கள்.

ஃபனான் மார்த்தினிக் தீவுக்காரர், கறுப்பர். முதலில் அல்ஜீரியா வந்தது 1944-ல், பிரெஞ்சுச் சிப்பாயாக. ஜெர்மனியரோடு சண்டை போட்டுக் காயப்பட்டுப் பதக்கம் வாங்கியவர். 1953-ல் டாக்டராகத் திரும்பி வந்தார். ஐரோப்பியப் பெண்கள் வார்டில் விழா, நாடகம், தையல் என்று ஆரம்பித்தது நன்றாக நடந்தது. அதையே முஸ்லிம் ஆண்கள் வார்டில் செய்தபோது ஒருவரும் அசையவில்லை. அவர்கள் ஊரில் ஆம்பளைகள் எங்கே கூடுவார்கள், எதைக் கொண்டாடுவார்கள் என்று விசாரிக்காமல் பிரெஞ்சுக்காரன் பொழுதுபோக்கைக் கொண்டுவந்து வைத்தால் எப்படி? பிறகு உள்ளேயே ஒரு காப்பிக்கடை வைத்தார், முஸ்லிம் பண்டிகைகளைக் கொண்டாட வைத்தார், கதைசொல்லியைக் கூப்பிட்டார். அரபி அவருக்கு வராது, மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நோயாளிக்கும் தனக்கும் நடுவில் நிற்கிற அந்த மூன்றாவது ஆளைப் பற்றியே யோசித்துக் குறித்து வைத்திருக்கிறார்.

சித்திரவதைப்பட்டவர்களும் அவரிடம் வந்தார்கள், செய்தவர்களும் வந்தார்கள். ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர், மனச்சாட்சி உறுத்தாமல் அந்த வேலையைத் தொடர வழி செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தாராம். 1956 கடைசியில் ஃபனான் வேலையை விட்டார். அடுத்த மாதமே நாடு கடத்தினார்கள். துனிஸ் போய் விடுதலை முன்னணியின் பத்திரிகையில் எழுதினார். 1961 டிசம்பரில், 36 வயதில், ரத்தப் புற்றுநோயில் இறந்தார். சுதந்திரத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை எழுதிவைத்துவிட்டுப் போனார். அவருடைய கடைசிப் புத்தகத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது வன்முறை பற்றிய முதல் பகுதியைத்தான். நான் திரும்பத் திரும்பப் போவது மூன்றாவது பகுதிக்கு. வெள்ளைக்காரன் எழுந்த நாற்காலியில் உள்ளூர்ப் பணக்காரன் உட்காருவான், தரகு வேலை பார்ப்பான், கட்சி மக்களைத் தட்டித் தூங்கவைக்கும், தலைவர் பழைய போராட்டக் கதையைச் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டுவார், நாடு என்ற உணர்வு சுருங்கி இனம், குலம், மதம் என்று இறங்கும். அல்ஜீரியாவுக்கு ஒரு கொடிகூட அதிகாரபூர்வமாக ஏறாத நேரத்தில் எழுதியது இது.

திரும்பி வந்து தீபாவளிக்குக் கல்ப் எல் லூஸ் வாங்கினேன். ரவையும் பாதாமும், பாகில் ஊறியது. நம் ரவா கேசரியைவிட இனிப்பு. ஒன்றே போதும், நான் இரண்டு தின்றேன்.

நவம்பர் 1, வெள்ளி. அல்ஜியர்ஸ்

எழுபதாவது ஆண்டு. ராணுவ அணிவகுப்பு என்று கடற்கரைச் சாலையில் பெரும்பகுதியை அடைத்துவிட்டார்கள். அணிவகுப்பைப் பார்க்கலாம் என்று காலையிலேயே கிளம்பினேன். முதல் தடுப்பில் ஒரு போலீஸ்காரர் இடப்பக்கம் போகச் சொன்னார், அங்கே இருந்தவர் வலப்பக்கம் என்றார். வெயில் ஏறிவிட்டது, நவம்பர் என்று நம்ப முடியாத வெயில். வெள்ளிக்கிழமை, ஒரு கடை திறந்திருக்கவில்லை, தண்ணீர் கிடைக்கவில்லை. கடைசியில் நான் பார்த்தது தலைக்கு மேல் போன போர் விமானங்களை மட்டும். டாங்கிகளைத் திரும்பிவந்து வீட்டுக்காரம்மாவின் டிவியில் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை என்றால் இங்கே குஸ்குஸ். வீட்டுக்காரம்மா கூப்பிட்டுவிட்டார். பெரிய மரத்தட்டு நடுவில், ஆவியில் வெந்த ரவைமணி, மேலே டர்னிப், சீமைச் சுரைக்காய், கொண்டைக்கடலை, ஆட்டுக்கறி. ஆளுக்கொரு கரண்டி, அவரவர் பக்கத்திலிருந்து தோண்டிக்கொள்ள வேண்டும். கறித்துண்டுகளை எல்லோரும் பேசியபடியே என் பக்கம் நகர்த்தினார்கள். மேசையில் அவருடைய வயதான அம்மா, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரான அண்ணன், காலேஜில் படிக்கும் மகள்.

டிவியில் செய்தி: பிரெஞ்சு அதிபர் மக்ரோன் இன்று அறிக்கை விட்டிருக்கிறார். விடுதலை முன்னணித் தலைவர்களில் ஒருவரான லார்பி பென் மஹிதியைக் கொன்றது பிரெஞ்சு ராணுவத்தார்தான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். 1957 மார்ச்சில் கைதியாக இருந்தபோது செத்தவர். தூக்குப்போட்டுக்கொண்டார் என்று அன்று அறிவித்தார்கள். கொன்ற அதிகாரி ஓசரேஸ் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பகிரங்கமாக ஒத்துக்கொண்டுவிட்டார். அரசு ஒத்துக்கொள்ள இருபது வருஷத்துக்கு மேல். "அடுத்த தவணை எப்போது?" என்றாள் மகள். இதே மாதிரி ராணுவத்தின் கையில் செத்தவர்களில் 2018-ல் மோரிஸ் ஓதேன், 2021-ல் அலி பூமென்ஜெல், இப்போது இவர். ஒவ்வொரு பெயராகத்தான் ஒப்புதல் வருகிறது.

ஆசிரியர் கரண்டியை வைத்தார். "சரி, பிரான்ஸ் கொன்றவர்களை பிரான்ஸ் ஒப்புக்கொள்ளட்டும். அபானை யார் ஒப்புக்கொள்வது?"

அந்தத் தெருப்பெயர்க்காரர். அபான் ரம்தான் பெர்பர் மக்களின் மலைப்பகுதியான கபீலியாவில் பிறந்தவர். சிதறிக்கிடந்த குழுக்களை ஓர் இயக்கமாகக் கட்டியவர்களில் முதல் ஆள். 1956 ஆகஸ்ட் 20 அன்று சும்மாம் பள்ளத்தாக்கில் நடந்த மாநாட்டில் இரண்டு கொள்கைகளை நிறைவேற்ற வைத்தார்: துப்பாக்கிக்கு மேலே அரசியல், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மேலே நாட்டுக்குள் இருப்பவர்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கும் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கும் அது பொறுக்கவில்லை. 1957 டிசம்பரில் மொராக்கோவுக்கு வரவழைத்து, தெத்துவான் அருகே ஒரு பண்ணையில் சொந்தத் தோழர்களே கழுத்தை நெரித்தார்கள். ஐந்து மாதம் கழித்து, 1958 மே மாதம், இயக்கப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் போர்க்களத்தில் வீரமரணம் என்று போட்டார்கள். அந்தப் பத்திரிகையில்தான் ஃபனான் எழுதிக்கொண்டிருந்தார். அபான் அவருக்கு நண்பர். வாய் திறக்கவில்லை. அபான், காங்கோவின் லுமும்பா இருவருடைய சாவுக்காகவும் தன்னைத் தான் மன்னிக்கப்போவதில்லை என்று பிற்பாடு அவர் சொன்னதாக சிமோன் த பொவ்வார் எழுதியிருக்கிறார்.

நான் பள்ளியில் படித்தபோது எங்களுக்கும் போர்க்களம்தான் என்றார் ஆசிரியர்.

அப்போதுதான் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னேன். ஏன் அந்த நேரத்தில் சொன்னேனோ. மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பாட்டிக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது, பேத்தி மொழிபெயர்த்தாள். பாட்டி கேட்டது ஒன்றுதான்: "உயிரோடு ஊர் திரும்பினாரா?" திரும்பினார் என்றேன். தன் அண்ணன் திரும்பவில்லை என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

ஆசிரியர் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. "உங்கள் ஊரில் ஜூலை 14 அன்று இன்னமும் மெடல் குத்திக்கொண்டு நடக்கிறார்களாமே?" நடக்கிறார்கள், கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்கு, என்றேன். "எதற்கு?" பென்ஷன் என்றேன். அது முழு உண்மை இல்லை. பெரியப்பா அந்தக் கோட்டைத் தானே இஸ்திரி போடுவார், பெரியம்மாவைத் தொட விடமாட்டார். பென்ஷனுக்காக மட்டும் யாரும் அப்படி இஸ்திரி போடமாட்டார்கள். ஆனால் அந்த மேசையில் அதை எப்படி விளக்குவது?

நவம்பர் 2, சனி. திஸி ஊஸு

பகிர்வு டாக்ஸியில் கிழக்கே, கபீலியாவுக்கு, சுமார் 100 கிலோமீட்டர். ஆறு பேர் சேரும்வரை வண்டி எடுக்கமாட்டார்கள். ஐந்து பேரோடு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். கடைசியில் முன்சீட்டுத் தாத்தா இரண்டு பேர் காசு தருகிறேன் என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார். நாங்கள் பங்கு தர முயன்றோம், கையைத் தட்டிவிட்டார்.

மலை நெருங்க நெருங்க சாலைப் பலகைகளில் மூன்று எழுத்து: அரபி, பெர்பர் மொழியின் திஃபினாக், பிரெஞ்சு. பல பலகைகளில் அரபி வரியின் மேல் பெயின்ட் அடித்திருக்கிறது. ரயில் நிலையப் பலகையில் இந்தி மேல் தார் பூசிய ஊரிலிருந்து வந்தவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. போட்டோ எடுக்கும்போது டிரைவர் வண்டியை மெதுவாக்கினார்.

பெர்பர் மக்கள் தங்களை அமாஸிக் என்கிறார்கள். அரபியர் வருவதற்கு முன்பிருந்தே இங்கிருப்பவர்கள். போரில் கபீலியா கொடுத்த விலை பெரிது. ஆனால் மொழி விவகாரம் போருக்கு முன்பே வெடித்துவிட்டது. 1949-ல், நாடு அரபு, இஸ்லாம் என்று மட்டும் வரையறுக்கப்படக் கூடாது, எல்லோருக்குமான அல்ஜீரியாவாக இருக்க வேண்டும் என்ற இளைஞர்களை அன்றைய விடுதலைக் கட்சி வெளியேற்றியது. 1962 ஏப்ரலில் துனிஸில் இறங்கிய பென் பெல்லா, பிறகு முதல் அதிபரானவர், நாம் அரபியர் என்று மூன்று முறை சொன்னார். ஒருமுறை சொன்னால் தகவல், மூன்று முறை சொன்னால் யாரையோ பார்த்துச் சொல்கிறார் என்று அர்த்தம்.

1980 மார்ச்சில் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர் முலூத் மம்மேரி பழைய கபீல் கவிதை பற்றிப் பேச வந்தார். கூட்டத்துக்குத் தடை. கவிதைக்குத் தடை போட்டதில் ஏப்ரலில் ஊரே கிளர்ந்தது. 2001-ல் மசினிஸா கெர்மா என்ற 18 வயது மாணவர் காவல் நிலையத்துக்குள் சுடப்பட்டு இறந்தபோது மறுபடியும். அந்தக் கலவரத்தில் 120-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், சுட்டது சுதந்திர நாட்டின் போலீஸ். 2002-ல் அமாஸிக் மக்களின் மொழியான தமாசிக் தேசிய மொழி ஆனது, 2016-ல் ஆட்சிமொழி. 2019-ல் நாடே தெருவுக்கு வந்த போராட்டத்தில் அமாஸிக் கொடி பிடித்தவர்களைத் தேச ஒற்றுமைக்குக் குந்தகம் என்று சிறையில் போட்டார்கள். மொழி சட்டத்தில் இருக்கிறது, கொடி பிடித்தால் ஜெயில்.

எதிர்த்துக் கேட்டால் "பிரான்சின் ஆள்" என்று ஒரே வார்த்தையில் அடைத்துவிடலாம். அதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. கபீல் வேறு, அரபி வேறு, இவன் நம் மாதிரி, அவன் காட்டான் என்று பிரிவினையை ஊட்டி வளர்த்தது பிரெஞ்சு ஆட்சிதான். அந்தச் சூழ்ச்சி உண்மை என்பதாலேயே, அதைக் காட்டி உண்மையான குறையையும் வாயடைக்க முடிகிறது. இதைச் சொன்னவர் நான் தங்கிய இடத்தில் சமையல் செய்யும் பெண்மணி. இதைவிட நன்றாக எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொன்னதில்லை.

ராத்திரி நல்ல குளிர். இரண்டு கம்பளி. பெரியப்பா பொய் சொல்லவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு. அஸூஸா

லார்பா நாத் இராதன் என்ற மலை ஊர். பிரெஞ்சுக்காரர்கள் 1857-ல் கோட்டை கட்டி நெப்போலியன் பெயர் வைத்த இடம். அங்கிருந்து அஸூஸா பக்கம். அபானின் ஊர். வழியில் கருகிய சரிவுகள், நடுவே துளிர்க்கும் ஒலிவ மரங்கள். ஒலிவக் காய் பறிப்பு ஆரம்பமாகிவிட்டது, மரத்தடியில் வலை விரித்திருக்கிறார்கள்.

அபான் வீட்டைக் காட்டிய இளைஞன் ரொட்டி, ஒலிவ எண்ணெய், காய்ந்த அத்திப்பழம் கொண்டுவந்து வைத்தான். எண்ணெய் தொண்டையைக் காறுகிறது, போன வருஷத்துடையதாம். அவனுக்குத் தனிநாடு வேண்டும். அவனுடைய சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவனைத் திட்டிக்கொண்டே இருந்தார். "அபான் இந்த மலைக்காகவா செத்தார்? முழு நாட்டுக்காக." "அந்த நாடுதானே சித்தப்பா கொன்னது?" "நாடு கொல்லலைடா, நாலு பேர் கொன்னாங்க." கபீலில் பேசிக்கொண்டார்கள், எனக்காகப் பையன் பிரெஞ்சில் சொன்னான். தன் வாதத்தைக் கொஞ்சம் நன்றாகவே மொழிபெயர்த்துக்கொண்டான் என்று நினைக்கிறேன்.

கருகிய மரங்களைக் கேட்டேன். 2021 ஆகஸ்ட் தீ. அதோடு பேச்சு நின்றது. ஜமால் பென் இஸ்மாயில் என்ற ஓவியர், மிலியானாவிலிருந்து, அரபி பேசுகிறவர், தீயணைக்க உதவி செய்ய வந்தார். தீ வைத்தவன் என்று யாரோ கிளப்பிவிட, லார்பா நாத் இராதனில் கும்பல் அவரை அடித்துக் கொன்று எரித்தது. அந்த நிலையிலும் அவருடைய அப்பா அரபிக்கும் கபீலுக்கும் சண்டை மூட்டாதீர்கள் என்று நாட்டைக் கேட்டுக்கொண்டார். நாடு மொழியை நசுக்கியது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு இந்த மலையிலிருந்து இறங்க முடியவில்லை. தனிநாடு கேட்ட பையன் ஒலிவக் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். சித்தப்பா மட்டும், "எங்களுக்கு அது இன்னும் வெட்கம்" என்றார்.

நவம்பர் 4, திங்கள். எல் ஆலியா

விமானம் மாலையில். வழியில் எல் ஆலியா இடுகாட்டுக்குப் போக ஒரு டாக்ஸி பேசினேன். தியாகிகள் சதுக்கத்தில் எல்லோரையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள். 1830-களில் பிரான்சை எதிர்த்த அப்துல் காதிர், 1966-ல் டமாஸ்கஸிலிருந்து கொண்டுவரப்பட்டவர். பென் மஹிதி. பென் பெல்லா. அவரை 1965-ல் கவிழ்த்த பூமெதியன். அபானுக்கு இங்கே கல்லறை உண்டு, உடல் கிடைத்ததே இல்லை. அபானைத் தீர்த்துக்கட்டிய வட்டத்தில் இருந்த கிரிம் பெல்காசெம், போரை முடித்த 1962 எவியான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர், 1970-ல் ஃபிராங்ஃபர்ட் ஓட்டலில் அவரும் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தார். அவரும் இங்கேதான். கொன்றவர், கொல்லப்பட்டவர், கவிழ்த்தவர், கவிழ்ந்தவர் எல்லோருக்கும் ஒரே பளிங்கு. பாரிஸ் அருங்காட்சியகத்தில் நூறு வருஷத்துக்கும் மேல் பெட்டியில் கிடந்து, போராளிகளுடையவை என்று சொல்லி ஒப்படைக்கப்பட்ட 24 பேரின் எச்சங்களும் 2020 ஜூலையில் இங்கே வந்தன. அந்த வரிசையில் மட்டும்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. மற்ற இடங்களில் கோபம்தான் வந்தது.

டிரைவர் வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். யாரைப் பார்த்தீர்கள் என்றார். சொன்னேன். "இந்த டாக்ஸி லைசென்ஸ்கூட ஒரு முஜாஹிதுடையது, மதாம்." போரில் ஈடுபட்டவர்களுக்கும் விதவைகளுக்கும் அரசு டாக்ஸி லைசென்ஸ் கொடுக்கும், அவர்கள் அதை வாடகைக்கு விடுவார்கள். இவர் ஒரு விதவைக்கு மாதாமாதம் கட்டுகிறார். அந்தம்மாவின் கணவர் உண்மையில் சண்டை போட்டாரா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். போலி முஜாஹித் பட்டியல் பற்றிய சண்டை இங்கே பல வருஷமாக நடக்கிறது.

அவருடைய தாத்தா செத்தீஃப் பக்கம். 1944-ல் பிரெஞ்சுப் படையில் இத்தாலியில் மொன்தே கசீனோவில் சண்டை போட்டவர். 1945 மே 8 அன்று ஐரோப்பாவே வெற்றியைக் கொண்டாடியபோது, செத்தீஃப் ஊர்வலத்தில் அல்ஜீரியக் கொடியோடு வந்தவர்களைச் சுட்டார்கள். அடுத்த வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். போரிலிருந்து திரும்பிய தாத்தா பார்த்த ஊர் அது. "அவருக்கு பிரான்ஸ் எவ்வளவு பென்ஷன் கொடுத்தது தெரியுமா?"

எனக்குக் கொஞ்சம் தெரியும். பழைய காலனிச் சிப்பாய்களின் பென்ஷனைச் சுதந்திர காலத் தொகையிலேயே உறையவைக்க பிரான்ஸ் 1959-லிருந்தே சட்டம் போட்டது. 2007-ல் ஓரளவும் 2011-ல் மீதியும் சரிசெய்தார்கள், அதற்குள் பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பெரியப்பா வைத்திருந்தார்.

அதைச் சொன்னேன். டிரைவர் ஸ்டீயரிங்கில் விரலால் தட்டிக் கணக்குப் போட்டார். "ஆக, என் தாத்தா அவர்களுக்காக ஜெர்மன்காரனைச் சுட்டார், கால் பென்ஷன். உங்கள் பெரியப்பா எங்களைச் சுட வந்தார், முழுப் பென்ஷன்." அவர் லாரி ஓட்டினார், சுட்டாரா தெரியாது என்றேன். "என் தாத்தாவும் கோவேறு கழுதைதான் ஓட்டினார், மதாம்" என்று சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

விமான நிலையத்தில் 1,500 தினார் கேட்டார். வீட்டுக்காரம்மா ஆயிரத்துக்கு மேல் தராதே என்று சொல்லி அனுப்பியிருந்தார். பேரம் பேசி 1,200-க்கு முடித்தேன்.